மூடி போட்ட கோப்பை

1

சென்ற வாரம் பஸ் நிலையத்துக் கோப்பிக் கடையில் வேலை செய்யும் ஒரு பிள்ளை என்னைக் கண்டித்தது. அதற்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். நான் பஸ் ஓட்டும் இந்த வெள்ளைக்கார ஊரில் கடதாசிக் கோப்பையில் வாங்கிக் குடிப்பவர்களைக் குடி கெடுத்தவர்களைப் போலத்தான் பார்க்கிறார்கள். சொந்தக் கோப்பை கொண்டுபோனால் விலையும் குறைத்துத் தருவார்கள், முகத்துக்கு ஒரு சிரிப்பும் கிடைக்கும்.

“நாள் முழுக்க பஸ் ஓட்டுகிற உங்களிடம் ஒரு பயணக் கோப்பை கூடவா இல்லை?” என்று கேட்டாள்.

“இருக்கிறது” என்றேன். “ஒன்றல்ல, இரண்டு. வீட்டு அலுமாரியில் இருக்கின்றன.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. கடதாசிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து, ஓட்டுநர் ஓய்வறையில் உட்கார்ந்து குடித்தேன். குடிக்கும்போதுதான் நினைவு வந்தது, இந்த மாதத்தோடு வாப்பா மௌத்தாகி ஒரு வருடம். ஊரில் தங்கச்சி இறந்தவருக்காகக் கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுக்க ஆயத்தம் செய்கிறாள். நான் இங்கே ஒரு கோப்பையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது என் வாப்பாவும் அவருடைய கூட்டாளி நல்லதம்பி மாமாவும் கடைசிக் காலத்தில் பிரிந்த கதை. பிரித்து வைத்தது நான் ஆசையாக வாங்கி அனுப்பிய ஒரு பயணக் கோப்பை.

2

அதற்காகப் பயணக் கோப்பையை நான் குறை சொல்ல வரவில்லை. அதனால் அடைந்த நன்மையை மறைத்தால் அது நன்றிகெட்டதனம்.

இரண்டு உருக்குச் சுவர்கள், நடுவில் காற்றுக்கூட இல்லாத வெற்றிடம். சூடு வெளியே போக வழியில்லை, குளிர் உள்ளே வரவும் வழியில்லை. யாரோ ஒரு விஞ்ஞானி ஆய்வுகூடத்தில் எதையோ குளிராக வைத்திருக்கக் கண்டுபிடித்த வித்தையாம். பிறகு வந்தவர்கள் அதில் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டார்கள். எங்கள் டிப்போவில், ஓட்டுநர் ஆசனத்துக்குப் பக்கத்தில் திறந்த கோப்பை வைக்கத் தடை. இந்த நாட்டில் சந்திக்குச் சந்தி சுற்றுவட்டம். ஒவ்வொன்றிலும் வளைத்தெடுக்கும்போது சாதாரணக் கோப்பை என்றால் தேத்தண்ணி காற்சட்டையில்தான் இருக்கும். மூடியுள்ள கோப்பையில் ஒரு சொட்டும் சிந்தாது. விடியப்புறம் மனைவி இஞ்சி தட்டிப் போட்டு ஊற்றித் தரும் வெறுந்தேத்தண்ணி, பனி கொட்டுகிற காலையிலும் மூன்றாவது ஓட்டத்துக்குப் பிறகும் நாக்கைச் சுடும். குப்பைக்குப் போகும் கடதாசிக் கோப்பைகளும் மிச்சம்.

நோன்பு காலத்தில் அதன் அருமை இன்னும் கூடும். ஒருமுறை நோன்பு திறக்கும் மஃரிப் நேரம் பஸ் கடைசித் தரிப்பிடத்தில் நின்றது. மனைவி கோப்பையில் நோன்புக் கஞ்சி ஊற்றித் தந்திருந்தாள். பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுக் கோப்பையை வாயில் வைத்தால் கஞ்சி வரவில்லை. சோறு போய் மூடியின் ஓட்டையை அடைத்துவிட்டது. நான் கன்னம் குழிவிழ உறிஞ்சுவதைப் பார்த்து, முன் ஆசனத்தில் இருந்த வயதான வெள்ளைக்காரப் பெண் எழுந்து வந்து, “உங்களுக்கு மூச்சுவிடக் கஷ்டமாக இருக்கிறதா?” என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து மனைவி கஞ்சியை அரைத்து ஊற்றினாள்.

இதை வாப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார்.

“மகன், நடந்து நடந்து குடிக்கிறதுக்குத்தானே அந்தச் சாமான்? மார்க்கத்துல நிண்டுக்கிட்டுக் குடிக்கப்படாதே?”

“நான் பஸ்ஸுக்குள்ள உக்காந்துதான் குடிக்கிறன் வாப்பா.”

“அப்ப பிழையில்ல. குடி” என்று தீர்ப்புச் சொன்னார்.

3

கோப்பைகளின் சரித்திரத்தை எனக்குக் கற்றுத் தந்தது மகள் அம்னா. பள்ளிக்கூடத்தில் ஏதாவது ஒரு வீட்டுப் பொருளின் வரலாற்றை எழுதிவரச் சொன்னார்கள். அவள் என்னுடைய பயணக் கோப்பையைத் தேர்ந்தெடுத்தாள். சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு நூதனசாலைக்குப் போனேன்.

அம்னாவுக்குத் தமிழ் விளங்கும். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். வற்புறுத்தினால் இரண்டு வசனம் தமிழில் சொல்லுவாள். அதிலும் எனக்கு ‘நீ’, பூனைக்கு ‘நீங்க’. முன்பெல்லாம் திருத்துவேன். இப்போது அந்த இரண்டு வசனமும் நின்றுவிடுமோ என்ற பயத்தில் விட்டுவிடுகிறேன்.

கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கோப்பைகள் வரிசையாக இருந்தன. மாட்டுக் கொம்பைக் குடைந்தது, மரத்தைக் கடைந்தது, கைவிரல் அடையாளம் அப்படியே இருக்கும் மண் கோப்பை. ஈயம் கலந்த உலோகத்தில் மூடி வைத்த பெரிய கோப்பைகளும் இருந்தன. மூடி என்பது புதிய கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். ஈ விழாமல் இருக்க அந்தக் காலத்திலேயே வைத்திருக்கிறார்கள். சீனத்துப் பீங்கானுக்கு ஒரு தனி அலுமாரி. அதற்கு முதலில் கைபிடி இருக்கவில்லையாம். இவர்கள் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடிக்கப் பழகிய பிறகு விரல் சுடாமல் இருக்கக் காது வைத்தார்களாம். மீசைக்காரர்களுக்கு ஒரு கோப்பை: விளிம்பில் குறுக்கே ஒரு சிறு தடுப்பு, அதில் மீசையைச் சாத்தி வைத்துக்கொண்டு நனையாமல் குடிக்கலாம். அம்னா சிரித்த சிரிப்பில் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

நான் என் பங்குக்குச் சொன்னேன். சிரட்டையில் கஞ்சி குடித்ததை, உம்மாவின் பித்தளைச் செம்பை, அடி கறுத்த எனாமல் கோப்பையை. கோப்பை என்ற சொல்லே போர்த்துக்கேயன் விட்டுவிட்டுப் போனது என்றேன். கோப்பைக்குக் கீழே வைக்கும் பீரிசும் அவன் தந்ததுதான். அம்னாவுக்குப் பீரிசு விளங்கவில்லை. அதற்கு ஆங்கிலம் என் வாயிலும் வரவில்லை. “கோப்பையின் தட்டு” என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்போதுதான் அந்தக் கோப்பையைக் கண்டேன். மண்ணிறம், ஒரு சாண் உயரம், சுற்றிவர நான்கு கைபிடிகள். ஒரே கோப்பையைப் பலர் கைமாற்றிக் குடிப்பதற்காகச் செய்தது என்று எழுதியிருந்தது. அவரவர் தன் பக்கத்துக் கைபிடியைப் பிடித்துத் தன் பக்கத்து விளிம்பில் குடிக்க வேண்டும்.

“சீ” என்றாள் அம்னா. “மற்றவர்களின் எச்சில்!”

அவளைக் கோபிக்க முடியாது. அவள் வளர்ந்த இடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு போத்தல், அதில் ஒவ்வொரு பெயர். “என் வாப்பா, உன் மூத்தவாப்பா, இப்படித்தான் குடிப்பார், தெரியுமா?” என்றேன். அவள் நம்பவில்லை.

4

வாப்பாவுக்குக் கல்முனை பசாரில் வலையும் கயிறும் விற்கும் கடை. நல்லதம்பி மாமா பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் தோணி வைத்திருந்தவர். கயிறு வாங்க வந்து கூட்டாளியானவர். அவர் வாப்பாவை, அண்ணன் என்ற பொருளில், ‘காக்கா’ என்பார். வாப்பா அவரைத் ‘தம்பி’ என்பார்.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வாப்பா பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போவார். மாமா ஏற்கெனவே வந்து இருப்பார். “ஒரு பால் தேத்தண்ணி” என்று வாப்பா சொல்லுவார். இரண்டு பேர், ஒரு தேத்தண்ணி. கோப்பையும் பீரிசும் வரும். வாப்பாவுக்குச் சூடு ஆகாது. பாதியைப் பீரிசில் ஊற்றி ஊதி ஊதிக் குடிப்பார். மிச்சத்தைக் கோப்பையோடு மாமாவின் பக்கம் தள்ளிவிடுவார். இல்லாமையால் அப்படிக் குடித்தவர்கள் அல்ல. கடைக்காரர் பகிடி பண்ணுவார்: “ஹாஜியார், இண்டைக்காவது ரெண்டு தேத்தண்ணி செல்லுங்களன், நானும் வீடு கட்ட!”

எங்கள் பக்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போகப் பயந்த காலம் ஒன்று இருந்தது. நடந்தவற்றை நான் இங்கே எழுதத் தேவையில்லை. இரண்டு பக்கத்திலும் ஆளை இழந்த வீடுகள் உண்டு. பல மாதம் மாமாவைக் காணவில்லை. பாதை திறந்த பிறகு ஒருநாள் அவர் தயங்கித் தயங்கித் தேத்தண்ணிக் கடைக்குள் வந்தார். அன்று நானும் வாப்பாவோடு இருந்தேன். கடையில் நின்ற ஒருவர், விளிம்பு உடைந்த ஒரு கிளாஸை எடுத்து மாமாவின் முன்னால் வைத்தார். ‘இவருக்கு இது’ என்று வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வாப்பா அந்தக் கிளாஸை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். “இத நீங்களே வெச்சிக்கொள்ளுங்க. நாங்க ரெண்டு பேரும் ஒண்டுலதான் குடிக்கிற” என்றார். குரலை உயர்த்தவில்லை. பீரிசில் ஊற்றினார், ஊதினார், குடித்தார். மாமா கோப்பையை எடுத்துக் குனிந்துகொண்டே குடித்தார். அவருடைய கண் கலங்கியிருந்ததை நான் கண்டேன்.

எங்கள் ஊரில் ஒருவனுக்குத் தனிக் கோப்பை வைப்பது என்றால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இந்த நாட்டுக்கு வந்து இத்தனை காலம் தனிக் கோப்பையில் குடித்துக் குடித்து, தெரிந்தது நேரத்துக்கு நினைவுக்கு வரவில்லை.

5

இரண்டு வருடத்துக்கு முன்பு வாப்பா வீடியோவில் கதைக்கும்போது படம் ஆடிக்கொண்டே இருந்தது. இணைப்புச் சரியில்லை என்று நினைத்து வைத்துவிட்டுத் திரும்ப எடுப்பேன். திரும்பவும் ஆடும். ஒருநாள் தங்கச்சி போனை வாங்கிக்கொண்டு குசினிப் பக்கம் போய், “நெட் இல்ல காக்கா. வாப்பாட கைதான்” என்றாள்.

நடுக்க வருத்தம் என்ற நோய். டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்திருந்தார். கூடலாம், குறையாது என்றும் சொல்லியிருந்தார். வாப்பா தேத்தண்ணிக் கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். கோப்பையைக் கூட ஒருமாதிரி இரண்டு கையாலும் பிடிக்கலாம். பீரிசைப் பிடிக்க ஏலாது. மாமாவிடம் சீனி வருத்தம், தேத்தண்ணி ஆகாது என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தார்.

“மாமாக்கிட்ட உள்ளதச் செல்லுங்களன் வாப்பா” என்றேன்.

“விசர்க் கதை கதைக்காத. முழம் போட்டுக் கயிறு வித்த கை இது. இது ஆடுதெண்டு பசாரெல்லாம் பேச வேணுமா? நீயும் ஒருத்தருக்கும் செல்லப்படாது. செல்ல மாட்டனெண்டு செல்லு.”

சொன்னேன். சொல்லிவிட்டு எனக்குப் பெரிய மூளை வேலை செய்தது. என்னுடையதைப் போலவே ஒரு பயணக் கோப்பை வாங்கி, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். மூடி இருக்கிறது, நடுங்கினாலும் சிந்தாது. பெரிய கைபிடி, இறுக்கிப் பிடிக்கலாம். யாருக்கும் எதுவும் தெரியாது.

இரண்டு கிழமைக்குள் வாப்பா கடைக்குப் போகத் தொடங்கிவிட்டார். “ஒரு சொட்டும் சிந்துதில்ல மகன், அல்லாஹ் உனக்கு ரஹ்மத் செய்யட்டும்” என்று அவர் சொன்ன அன்று, நான் பஸ்ஸை ஓட்டவில்லை, பறக்கவிட்டேன். தூரத்தில் இருந்துகொண்டு ஒரு மகன் செய்யக்கூடியதைச் செய்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

பிறகு தங்கச்சிதான் சொன்னாள். “வாப்பா இப்பக் கடையில தனியத்தான் இரிக்கார். நல்லதம்பி மாமா வாறல்ல.”

வாப்பாவிடம் கேட்டேன். “அவனுக்குக் கடல் வேல கூட” என்றார். கடலுக்குப் போகும் வயதை மாமா எப்போதோ கடந்துவிட்டார் என்பது எனக்கும் தெரியும், வாப்பாவுக்கும் தெரியும். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. தொலைபேசியில் கேட்கக்கூடிய கேள்விகளும் உண்டு, பக்கத்தில் உட்கார்ந்து மட்டும் கேட்கக்கூடிய கேள்விகளும் உண்டு.

6

வாப்பா விழுந்து படுக்கையானபோது என் கடவுச்சீட்டு இங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் இருந்தது. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். தொலைபேசி எடுத்தால் நெடுநேரம் ஒரே பாட்டு. கடைசியில் ஒரு பெண் வந்து என்ன அவசரம் என்று கேட்டாள். வாப்பா மௌத்தாகப் போகிறார் என்பதை எந்த மொழியிலும் சொல்ல எனக்கு நா எழவில்லை. “என் தந்தை புறப்படப் போகிறார்” என்று சொல்லிவிட்டேன்.

“எந்த நாட்டுக்கு? அவரிடம் விசா இருக்கிறதா?” என்று கேட்டாள்.

அவள் மேல் பிழையில்லை. விளக்கிச் சொன்னதும் மன்னிப்புக் கேட்டாள். கோப்பு இன்னும் பரிசீலனையில் இருப்பதாகவும் சொன்னாள்.

வாப்பா ஒருநாள் விடியப்புறம் சுபஹ் நேரம் மௌத்தானார். அசருக்கு முன்பே அடக்கிவிட்டார்கள். நான் டிப்போ ஓய்வறையில் ஒரு மூலையில் இருந்து போனில் பார்த்தேன். அடக்கம் செய்யும் மையவாடியில் சனம் நிறைந்திருந்தது. மதில் ஓரமாக, எல்லோருக்கும் தள்ளி, வெள்ளைச் சாரமும் தோளில் துவாயுமாக ஒருவர் தனியே நின்றார். படம் தெளிவில்லை. நின்ற நிலையை வைத்தே ஆளை அறிந்துகொண்டேன். போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த சக ஓட்டுநர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார்.

7

கடவுச்சீட்டு வந்த பிறகு ஊருக்குப் போனேன். தங்கச்சி வாப்பாவின் சாமான்களில் இருந்து அந்தக் கோப்பையை எடுத்துத் தந்தாள். கழுவித் துடைத்து, மூடியைத் தனியாக வைத்திருந்தாள். மறுநாள் பின்னேரம் பாண்டிருப்புக்குப் போனேன்.

நல்லதம்பி மாமா வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். நான் தோளைப் பிடித்து இருத்தினேன். அவருடைய மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

“வாப்பாவோட ஏதும் கோவமா மாமா?” என்று கேட்டேன்.

“எனக்கென்ன கோவம் மனே? காக்காவோட எனக்குக் கோவம் வருமா?” என்றார். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “கனநாளைக்குப் பிறகு காக்கா கடைக்கு வந்தார். எனக்குச் சரியான சந்தோசம். வந்து இருந்து, ரெண்டு தேத்தண்ணி எண்டு சொன்னார். எனக்கு விளங்கல்ல. மறுகா பையிக்குள்ளால ஒரு மூடி போட்ட சாமான எடுத்து, இதுக்குள்ள ஊத்துங்க எண்டார். எனக்கு முன்னால ஒரு கிளாஸ். அவர் மூடிய இறுக்கிப் போட்டுக் குடிச்சார். என்ட முகத்தப் பாக்கவே இல்ல.”

“நீங்க கேக்கல்லயா?”

“என்னத்தக் கேக்கிற? ஊருக்குள்ள திரும்பவும் தமிழன், முஸ்லிம் எண்டு ஒரு மாதிரிக் கதை வந்த நேரம். ஆரோ அவருக்குச் சொல்லியிருப்பாங்க, அவனோட ஒண்டாக் குடிக்காத எண்டு. அவருக்கு வாயால சொல்ல ஏலாது, அதான் இப்படிக் காட்டுறார் எண்டு நினைச்சன். நான் போய் முன்னால இருந்தா அவருக்குத்தானே சங்கடம். அதால நானாத்தான் போகாம விட்டன்.”

வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கு என்று ஒன்று இருந்தது. வாப்பா இல்லாத உலகத்தில் அந்த வாக்கை யாருக்காகக் காப்பது? எல்லாவற்றையும் சொன்னேன். கை நடுக்கத்தை, பீரிசைப் பிடிக்க முடியாமல் போனதை, சீனி வருத்தம் என்ற பொய்யை, கோப்பையை அனுப்பியது நான் என்பதை. அவர் முகத்தைப் பார்க்காமலிருந்தது நடுக்கத்தைக் கண்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான் என்றும் சொன்னேன்.

மாமா துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. துவாயை எடுத்தபோது கோபப்பட்டவர்போல என்னைப் பார்த்தார்.

“ஆடுற தோணிக்குள்ள இருந்து, கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணிய ஒரு சொட்டுச் சிந்தாமக் குடிச்சவன் மனே நான். காக்காட கை ஆடினா, நான் புடிச்சிக் குடுத்திருக்க மாட்டனா?”